இரு தளபதிகள், இரு சாட்சியங்கள்

1782 செப்டெம்பர் 3ஆம் நாள் திருகோணமலைக் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலேயப் பாய்க்கப்பல்கள் கடுஞ்சமர் புரிந்தன. சில நாள்களுக்கு முன்னரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அத்துறைமுகத்தைக் கைப்பற்றியிருந்தார். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் காலந்தாழ்ந்தே வந்து சேர்ந்தார்.

சமரைக் கண்ணாரக் கண்ட இருவரும் தத்தம் அரசுக்கு எழுதினர். வெற்றி கைநழுவியதற்குச் சுஃப்ரென் தம் கப்பல் தலைவர்களையே கடிந்துகொண்டார். ஹியூசோ தம் கப்பல் தலைவர்களில் மூவரை அச்சமரில் பறிகொடுத்திருந்தார்.

ஆதலால் நேரிற் கண்டவர் எழுதியதையும் ஆராய்ந்தே படித்தல் வேண்டும். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எதை நிலைநாட்ட விரும்பினார்?

இவை தளபதிகளின் கடிதங்கள். வெடிமருந்து சுமந்த மாலுமியின் குரலை இவற்றில் கேட்க முடியாது.

துணுக்காய்ப் பெற்றோரே, 2008இல் ஊரைவிட்டுப் பெயர்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளே, நாளும் இடமும் குறித்து எழுதிவையுங்கள். தளபதிகள் மட்டும் எழுதினால் வரலாறு நிறைவுபெறாது.