குறிவிளக்கும் குறைந்த மின்னோட்டமும்

பழைய பொருளொன்றிற் புதியதொன்றைப் பொருத்துங்கால், பழையது எதனை நம்பி இயங்கிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இவ்வுண்மையைச் சென்ற ஆடித் திங்களில் அம்மையார்குப்பத்தில் ஒரு மோட்டார் வண்டியின் வாயிலாக யாம் கற்றோம்.

தறியோசை ஓயாத அவ்வூரில், எம் தாய்மாமனார் சேலைக் கட்டுகளை ஏற்றிச்செல்ல ஓர் அம்பாசடர் வண்டி வைத்துள்ளார். உத்தரபாராத் தொழிற்சாலையில் அவ்வகை வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. மின்கலம் விரைவில் தளராதிருத்தற்பொருட்டு, மாமனார் அதன் இண்டிகேட்டர்களில் எல்.இ.டி. விளக்குகளை மாட்டுவித்தார். அன்றே அவை மினுக்குதலை விட்டு அசையாது எரிந்தன. திருத்தணிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் சாலையை நிறைத்திருந்த மாலையில், வண்டி வலப்புறம் திரும்பிற்று. குறிப்பறியாது பின்வந்த இளைஞரொருவர் மோட்டார் சைக்கிளோடு சரிந்து, முழங்காற் சிராய்ப்போடு பிழைத்தார். மாமனார் அன்றிரவு உணவு கொண்டிலர். “தம்பி, விளக்கு பொய் சொல்லிவிட்டதடா,” என்றார்.

விளக்கு பொய் சொன்ன காரணம் யாது? பழைய இழைவிளக்கு ஒவ்வொன்றும் 21 வாட்டு ஆற்றல் கொள்வது. முன்னும் பின்னுமாக இரண்டிற்கு 42 வாட்டு. 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடும். அவ்வோட்டத்தால் பிளாஷரின் உள்ளே உள்ள உலோகம் சூடேறி விரிந்தும், ஆறிச் சுருங்கியும் தொடர்பைச் சேர்த்துப் பிரிக்கும். எல்.இ.டி. ஒன்று 3 வாட்டே கொள்ளுமாயின், இரண்டிற்கும் அரை ஆம்பியர் போதும். ஏழிலொரு பங்கான அவ்வோட்டம் உலோகத்தைச் சூடேற்றாது. ஆகவே மினுக்கமும் இல்லை. மின்னோட்டத்தை அளந்தறியும் பிற்காலப் பிளாஷரோ, விளக்கொன்று பழுதாயிற்று எனக் கருதி மிக விரைந்து மினுக்கும்.

மெக்கானிக் முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் 6 ஓம் ரெசிஸ்டரை விளக்கிற்கு இணையாகப் பூட்டினார். அது 2 ஆம்பியர் இழுத்தமையின் மினுக்கம் மீண்டது. ஆனால் 24 வாட்டு வெப்பமாக வீணாயிற்று. அருகிருந்த கம்பியின் மேலுறை இளகிற்று. மிச்சப்படுத்த வந்த விளக்கிற்காக மின்சாரத்தை எரிப்பது முறையன்று. ரெசிஸ்டரே வேண்டுமெனின், அதனைக் கம்பிகளுக்கு எட்டத்தில், உலோகத் தகட்டின்மேல் இறுக்குதல் வேண்டும்.

பின்னர் ரெசிஸ்டர்களை நீக்கி, மின்னோட்டத்தின் அளவை நம்பாத எலெக்ட்ரானிக் பிளாஷரைப் பொருத்தினார். அதற்குத் தனியே ஓர் எர்த் கம்பி வேண்டும். இப்போது நான்கு விளக்குகளும் ஒருங்கே மினுக்கின! காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வண்டியின் டாஷ்போர்டில் இரு பக்கத்திற்கும் ஒரே சிறுவிளக்கு. இடப்பக்கம் மினுக்குங்கால், அச்சிறுவிளக்கு வலப்பக்க விளக்குகளின் வழியே எர்த்தை அடையும். இழைவிளக்கு அச்சிற்றோட்டத்தால் ஒளிராது. ரெசிஸ்டர் இருந்தபோதும் ஓட்டம் அதன் வழியே சென்றமையின் குற்றம் மறைந்திருந்தது. எல்.இ.டி.க்கோ அச்சிறிதே போதும்.

இதற்குத் தீர்வு இரண்டு டையோடுகளே. இரு பக்கக் கம்பிகளினின்றும் ஒவ்வொரு டையோடு வழியாகச் சிறுவிளக்கின் ஒரு முனைக்கு இணைப்புத் தந்து, மறுமுனையை எர்த்தோடு சேர்த்தார். ஒரு பக்கத்து ஓட்டம் மறுபக்கம் புகாது தடைப்பட்டது.

இம்மாற்றத்தை விரும்புவோர் மூன்றினை மறவற்க. விளக்குக் குழியின் துருவைத் தேய்த்து எர்த்தைச் செம்மை செய்க. மின்கலத்தின் எம்முனை எர்த் ஆகியுள்ளது என நோக்குக. பழைய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த் ஆகும். இறுதியாகக் கடிகாரத்தை வைத்து எண்ணுக. நிமிடத்திற்கு 60 முதல் 120 முறைக்குள் மினுக்குதல் வேண்டும்.

யாம் எண்ணியபோது 84 வந்தது. மாமனார் வண்டியின் பின்னே நெடுநேரம் நின்று, இடமும் வலமும் மாறிமாறி மினுக்கச் செய்து பார்த்தபின்னரே வீட்டினுள் வந்தார்.