தகரத்துக்குக் கீழே ஓர் உட்கூரை

சித்திரை, வைகாசி மாதங்களில் முள்ளியவளைப் பகுதியில் மதியம் பன்னிரண்டு மணிக்குமேல் தகரக் கொட்டிலுக்குள் எவரும் விரும்பி இருப்பதில்லை. பாய், தலையணை, பிள்ளையின் ஏணை எல்லாம் மாமரத்தின் கீழ் வந்துவிடும். காடு வெட்டிப் புதிதாகக் குடியமர்த்தப்பட்ட காணியில் மாமரமும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் உறவினரை "உள்ளே வாங்கோ" என்று கூப்பிட்டால், கதிரையை முற்றத்திலேயே போடச் சொல்லுகிறார்கள்.

வெளியே நிழலில் வெப்பநிலை 34, 35 பாகை செல்சியஸாக இருக்கும்போது, வெயில் நேரே படும் பழைய தகரம் 60 பாகையைத் தாண்டிவிடும். அதன் கீழே பிள்ளை பெற்ற தாயும் பச்சைக் குழந்தையும் நடமாட முடியாத பெரியவரும் படுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எழுந்து வெளியே போகலாம். இவர்களால் முடியாது. எனவே இந்தப் பாடத்தை வீடு முழுவதற்கும் சீலிங் அடிப்பதைப் பற்றியதாக எடுக்க வேண்டாம். முதலில் இவர்கள் படுக்கும் மூலைக்கு மேலே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வெப்பம் எப்படி வருகிறது?

கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்று வழிகளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தகர வீட்டில் எம்மை வாட்டுவது பெரும்பாலும் மூன்றாவதுதான். இதைச் சோதித்துப் பார்க்கக் காசு தேவையில்லை. உச்சி வெயிலில் தகரத்துக்கு ஒரு முழம் கீழே உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடியுங்கள். கை சுடும். இப்போது கைக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு கிடுகைப் பிடியுங்கள். அந்தக் கணமே சூடு குறையும். உள்ளே இருக்கும் காற்று மாறவில்லை. ஆனால் தகரம் அடுப்புத் தணல்போல் கீழ்நோக்கி வீசிய வெப்பம் மறிக்கப்பட்டுவிட்டது. நாம் செய்ய வேண்டியது அந்தக் கிடுகை அங்கேயே நிலையாக நிறுத்தி வைப்பதுதான்.

மறித்த பொருள் தானும் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே கடத்தாமல் இருக்க வேண்டும். இங்கேதான் அரிதிற் கடத்திகள் உதவுகின்றன. எமக்குக் கிடைப்பவற்றில் சிறந்த அரிதிற் கடத்தி அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. உருக்கு அதைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வைக்கோல், உமி, கிடுகு, றெஜிபோம் எல்லாம் பயன் தருவது தமக்குள்ளே காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதால்தான். நனைந்தால் காற்றிருந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே உட்கூரை எதுவானாலும் முதல் வேலை கூரையின் ஒழுக்கை அடைப்பது.

கடையில் விற்பவை

புதுக்குடியிருப்புக்கோ முல்லைத்தீவுக்கோ போய் "சீலிங் அடிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், மலிவானதாகப் பெரும்பாலும் காட்டப்படுவது அஸ்பெஸ்டஸ் தட்டைச் சீற். இதை வாங்க வேண்டாம் என்பது எமது கருத்து. அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் உடனே தெரிவதில்லை. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் தலைகாட்டும். இலங்கையில் 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதி தடைசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதைச் சொல்லி எமது தேயிலையை இடைநிறுத்தியது. எமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் அதுவே. தேயிலை மீண்டும் போனது. அஸ்பெஸ்டஸ் தடை கைவிடப்பட்டது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகரே யோசிக்கலாம்.

ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் இருப்போர் அஞ்சிப் பிடுங்கத் தேவையில்லை. உடையாத சீற் கிடந்தபடி கிடக்கட்டும். காய்ந்த நிலையில் அதை வெட்டுவதும் துளைப்பதும் பாசி சுரண்டுவதும்தான் ஆபத்து. தவிர்க்க முடியாவிட்டால் நன்றாக நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கோ கிணற்றடிக்கோ பாவிக்கக் கூடாது.

றெஜிபோம் நல்ல அரிதிற் கடத்தி. ஓர் அங்குலத் தடிப்பு ஏறத்தாழ இரண்டு அங்குல வைக்கோலுக்குச் சமம். பாரமும் இல்லை. ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டுச் சொட்டாக விழும்; கரும்புகை நஞ்சு. மண்ணெண்ணெய் விளக்கும் நுளம்புத் திரியும் பாவிக்கும் வீட்டில் திறந்தபடி அடிப்பதை நாம் விரும்பவில்லை. பிளைவூட், ஜிப்சம், பிளாஸ்ரிக் பலகைகள் பார்வைக்கு அழகு, கதிர்வீச்சையும் மறிக்கும். ஆயினும் மெல்லிய பலகை தனியே அதிகம் தடுக்காது. அதன்மேல் ஏதாவது பரப்ப வேண்டும்.

வெள்ளித்தாள் ஒட்டிய சுருள்களும் விற்கிறார்கள். மினுங்கும் அலுமினியத் தாள் தன்மேல் விழும் கதிர்வெப்பத்தில் 100 இல் 95 பங்கைத் திருப்பிவிடும். அது மிகச் சிறந்த பொருள்தான். ஆனால் மேசன்மார் பலர் அதைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் இழுத்து அடித்துவிடுகிறார்கள். வெற்று மினுங்கல் தாள் தகரத்தில் தொட்டால் வெப்பம் நேரே கடத்தப்படும். மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் தாளாயின், அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் ஓரிரு ஆண்டில் தூசி படிந்து மினுக்கம் போய்விடும். கீழ்ப்பக்கத்தில் தூசி தங்காது. சூடேறினாலும் அது வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். பால்மாப் பைகளை வெட்டித் தைத்துப் பாவிக்கும் வீடுகளும் உண்டு. அவற்றின்மேல் பிளாஸ்ரிக் படலம் இருப்பதால் பலன் குறைவு. சும்மா கிடைப்பது என்பதால் குறை சொல்லவும் மனமில்லை.

வயலில் இருந்து வருபவை

காசு இல்லாத குடும்பத்துக்கு நாம் சொல்வது தட்டிமுறை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. வெயில் கொதிக்கத் தொடங்குவது சித்திரையில். வைக்கோலும் உமியும் கைக்கு வரும் காலமும் தேவைப்படும் காலமும் இவ்வளவு பொருத்தமாக அமைவது அரிது.

கமுகஞ் சலாகை அல்லது பனஞ் சலாகையால் ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் சட்டம் செய்யுங்கள். அதன் கீழ்ப்பக்கம் இரண்டு கிடுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தும்புக்கயிற்றால் கட்டுங்கள். பனையோலை கிடைத்தால் கூடுதல் காலம் நிற்கும். மழையும் வெயிலும் நேரே படாததால், வேய்ந்த கிடுகைவிட உட்கூரைக் கிடுகு பல மடங்கு காலம் உழைக்கும். கிடுகின்மேல் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு வைக்கோலைப் பரப்பி, குறுக்குச் சலாகை வைத்து இறுக்காமல் கட்டுங்கள். இறுக்கி அமுக்கினால் காற்று போய்விடும். இரண்டு அங்குல வைக்கோல் ஏறத்தாழ நான்கு அங்குலத் தடிப்புள்ள பலகைக்கு ஒப்பான வெப்பத்தடையைத் தரும். நான்கு அங்குலப் பலகையால் சீலிங் அடித்த வீட்டை நாம் இன்னும் காணவில்லை!

வைக்கோலில் நெல்மணி இருக்கக் கூடாது. நெல் இருந்தால் எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நன்றாக உதறி, மூன்று, நான்கு வெயில் காயவிட்டு, உலர்ந்த வேப்பிலையை இடையிடையே தூவுங்கள். நெல்லுக்கு வேப்பிலை போட்டுக் காத்த எம்மவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உமி வைக்கோலைவிட ஒரு வகையில் நல்லது. அதில் மணற்சத்தான சிலிக்கா நிறைய உண்டு. ஆதலால் இலகுவில் உக்காது. ஆலைகளில் குவிந்து கிடக்கும். கழுவிக் காயவைத்த உரப்பைகளில் தட்டையாக நிரப்பித் தைத்துத் தட்டியின்மேல் அடுக்கலாம். கிருமிநாசினி வந்த பைகள் எக்காரணம் கொண்டும் ஆகாது. பத்துக்குப் பத்து அடி அறைக்கு இரண்டு அங்குல உமி சுமார் 50 முதல் 60 கிலோ வரும். தீராந்தியும் சலாகையும் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சந்தேகமாயின் வைக்கோலே போதும்.

கீழ்ப்பக்கத்துக்குக் களிமண்ணும் சாணமும் குழைத்து மெல்லியதாகப் பூசினால் தூசி கொட்டாது, தீயும் சட்டென்று பற்றாது. அதற்கும் நேரமில்லாதோர் பழைய சேலையைக் கீழே இழுத்துக் கட்டலாம். நன்மை தீமைக்கு வெள்ளை கட்டிய வழக்கம் எமக்கு உண்டுதானே. சேலை தனியேகூட ஓரளவு கதிர்வெப்பத்தை மறிக்கும். இன்றைக்கே, இந்த நிமிடமே, குழந்தையின் ஏணைக்கு மேலே செய்யக்கூடியது அதுதான்.

இடைவெளியும் காற்றும்

தட்டியைத் தகரத்தோடு ஒட்டவைக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தகரத்தால் சூடேறும் காற்று அந்த இடைவெளியால் மேலேறி வெளியே போக வழி வேண்டும்: தாழ்வாரப் பக்கம் கீழே ஒரு திறப்பு, முகட்டுப் பக்கம் சுவரில் ஒரு திறப்பு. இவை இல்லாவிட்டால் சூடான காற்று அங்கேயே தேங்கித் தட்டியைச் சுட வைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மார்கழி, தை விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் பனி பிடித்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டியிருக்கும் வைக்கோல் அதைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். திறப்புகளுக்குச் சிறுகண் கம்பிவலை அடியுங்கள். கோழி வலையின் கண்ணுக்குள்ளால் எலிக்குஞ்சு புகுந்துவிடும். தட்டியை எட்டடிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. கொட்டில் அதற்கு உயரம் போதாதென்றால், படுக்கும் பக்கத்தில் மட்டும் கூரையின் சாய்வோடு சாய்வாகக் கட்டுங்கள்.

அடுப்புக்கு மேலே வைக்கோல் தட்டி வேண்டவே வேண்டாம். மின்குமிழும் வயரும் தட்டியில் முட்டாமல் இருக்கட்டும். விளக்கைத் தட்டியில் தொங்கவிடாதீர்கள்.

கூரையின் மேற்புறத்துக்கு வெள்ளைப் பூச்சும் உதவும்; வெயிலில் பெரும்பங்கைத் திருப்பிவிடும். தகரத்தில் சுண்ணாம்பு நெடுநாள் ஒட்டாது, ஆண்டுதோறும் பூச வேண்டும். மழைநீர் சேகரிப்போர் பூசிய பின் வரும் முதல் மழைகளைக் குடிக்க எடுக்கக் கூடாது. மேற்குப் பக்கம் ஒரு பந்தல் போட்டுச் சுரை, பாகல் படரவிட்டால் பின்னேர வெயிலும் கச்சான் காற்றின் அனலும் குறையும். நினிவேக்கு வெளியே குடிசை போட்டிருந்த யோனாவுக்கும் அந்தக் குடிசை போதவில்லை, ஒரு செடியின் நிழல் வேண்டியிருந்தது. அந்தச் செடியைப் புழு அரித்த கதையும் அதே அதிகாரத்தில் உண்டு. பந்தலைக் கவனிக்காவிட்டால் எமக்கும் அதுவே.

கழற்றிக் கொண்டுபோகக் கூடியது

ஏன் தட்டி என்று சொன்னோம், ஏன் ஆணியடித்த சீலிங் என்று சொல்லவில்லை? எமது மக்களின் கதைதான் காரணம். 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணியில் இருந்து வந்தவர்கள் சில மாதத்தில் திரும்புவோம் என்று கொட்டில் போட்டார்கள். போருக்குப் பின்னரே அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. கேப்பாப்புலவு மக்கள் 2012 இல் மெனிக் பாம் மூடப்பட்டபோது சொந்த ஊருக்கு அனுப்பப்படாமல் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு பகுதிக் காணி 2017 இல் விடப்பட்டது. சொந்தமில்லாத காணியில் காசைக் கொட்ட மனம் வராது. "நாளைக்குப் போகிறோம்தானே" என்று பத்து ஆண்டுகள் வெந்துகொண்டிருப்பதும் சரியல்ல. கயிற்றால் கட்டிய தட்டியை அரை நாளில் அவிழ்த்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம்.

நிலையான வீடு கிடைத்தோருக்கும் இது பொருந்தும். 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தரப்பட்டது. சுவரும் கூரையும் எழும்பக் காசு முடிந்து, நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. சீலிங் "பிறகு பார்ப்போம்" என்று நின்றுவிட்டது. 2015, 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் தருவதாகப் பேச்சு வந்தபோது, எமது வெயிலுக்கு அவை ஒவ்வாது என்பது முக்கிய எதிர்ப்புகளில் ஒன்றாக இருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது. வீடு தருவோரிடம் கூரைக்குக் கீழே என்ன வரும் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு என்பதற்கு அது நல்ல சாட்சி.

மாரிக்கு முன்

புரட்டாதிக் கடைசியில் தட்டிகளை ஒருமுறை இறக்குங்கள். நனைந்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் பசளைக்குழியில் போடுங்கள். கறையான் ஏறிய சலாகையை மாற்றுங்கள். 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே ஏறும்போதே தகர ஆணிகளையும் முகட்டு வளைக் கட்டையும் இறுக்கிவிடலாம்.

கிராமக் கூட்டத்தில் பேசுவதற்கு: எமது பகுதியில் பகலில் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்க வேண்டியவர்கள் யார், யார்? அவர்களில் தட்டி கட்ட ஆளில்லாத வீடு எது? அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் கிடுகும் கயிறும் கொண்டு அங்கே போக எத்தனை பேர் தயார்?