காகிதத்தில் தெரிய வேண்டிய இயலாமை

ஒன்ராறியோவில் இயலாமையோடு வாழும் ஒருவருக்கு அரசு தரும் உதவி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மாதாந்தக் கொடுப்பனவைத் தருவது மாகாண அரசின் ஒன்ராறியோ இயலாமை ஆதரவுத் திட்டம். எல்லோரும் ஓடிஎஸ்பி என்பார்கள். வேலை செய்து ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டியவருக்கு, சிபிபி எனப்படும் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் மத்திய அரசின் இயலாமை ஓய்வூதியம் உண்டு. இயலாமை வரிச்சலுகையைக் கவனிப்பது சிஆர்ஏ எனப்படும் கனடா வருவாய் முகவரகம். மூன்றுக்கும் சட்டம் வேறு, படிவம் வேறு, இயலாமைக்கான வரையறையும் வேறு. ஒன்றில் ஏற்கப்பட்டவர் இன்னொன்றில் மறுக்கப்படுவது புதினமான சங்கதி அல்ல. ஆனால் மூன்றிலும் முதல் முடிவை எடுக்கும் அலுவலர் விண்ணப்பதாரரை நேரில் பார்ப்பதில்லை. அவர் முன்னால் இருப்பவை தாள்கள் மட்டுமே. தமிழ்க் குடும்பங்களின் பல விண்ணப்பங்கள் சறுக்குவது நோய் போதாமல் அல்ல, அந்தத் தாள்களில் எழுதப்படாமல் போனவற்றால்.

அஜக்ஸை எடுத்துக்கொள்வோம். அது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, டர்ஹம் பிராந்தியத்தில் இருக்கிறது. ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்துவிட்டு இங்கே வீடு வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. "எங்களிட்டை வீடு இருக்கு, இரண்டு பேரும் வேலை, பெடியனுக்கு எங்கே தரப்போறாங்கள்" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பெற்றோரும் இங்கே உண்டு. இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கக்கூடியதே. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு, கடுமையான இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான மாகாண உதவியைக் கேட்கும்போது பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுகிறது. 18க்குப் பிறகு கணக்கு மாறிவிடுகிறது. பெற்றோர் வீட்டிலேயே தங்கியிருந்தாலும் வளர்ந்த பிள்ளையை ஓடிஎஸ்பி தனி ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. தாய் தகப்பனின் சம்பளமோ வீடோ கணக்கில் வராது. தனி ஒருவருக்கான சொத்து உச்சவரம்பு 40,000 டொலர், தம்பதிக்கு 50,000 டொலர். குடியிருக்கும் சொந்த வீடும் ஒரு வாகனமும் அதில் சேர்வதில்லை. 18ஆவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம்.

கணவன் மனைவி விடயத்தில் இந்தச் சலுகை இல்லை. பக்கவாதத்தால் வேலையை விட்ட கணவர் விண்ணப்பித்தால் மனைவியின் வருமானம் சேர்த்தே பார்க்கப்படும். வங்கிக் கணக்கிலும் கவனம் வேண்டும். வசதிக்காக மகனின் பெயரைத் தகப்பனின் சேமிப்புக் கணக்கில் சேர்த்துவைப்பது நம்மவரிடம் வழக்கம். ஓடிஎஸ்பி அலுவலருக்கு அது மகனின் சொத்தாகவே தெரியும். விண்ணப்பத்துக்கு முன்பே மகனுக்கென்று தனிக் கணக்குத் திறந்துவிட்டால் பின்னாளில் விளக்கம் சொல்லி அலைய வேண்டியதில்லை. 2025 யூலையில் தனி ஒருவருக்கான உச்சத் தொகை மாதம் 1,408 டொலராக இருந்தது. இது வாடகை கொடுத்து, தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு. ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் பெற்றோர் உணவையும் இடத்தையும் தருவதாகக் கொண்டால் தொகை குறையும். உள்ள ஏற்பாட்டை உள்ளபடி எழுதுவதுதான் நல்லது. இல்லாத வாடகையைக் காட்டினால், கூடுதலாக எடுத்த பணம் என்று பிறகு கடனாகத் திரும்பி வரும்.

பண விவரங்கள் சரியென்றால் இயலாமையைத் தீர்மானிக்கும் படிவத்தொகுதி வரும். அதை 90 நாளுக்குள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் உடல்நிலை பற்றிய அறிக்கை, அன்றாடச் செயல்கள் பற்றிய அறிக்கை, மருத்துவத் தகவலை வெளியிடச் சம்மதம், விண்ணப்பதாரர் தாமே எழுதும் அறிக்கை ஆகியவை இருக்கும். உடல்நிலை அறிக்கையைப் பெரும்பாலும் குடும்ப வைத்தியரே நிரப்புகிறார். அன்றாடச் செயல்கள் பகுதியைத் தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றோரும் நிரப்பலாம். இதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. அறிந்தால் பயன் பெரிது. குடும்ப வைத்தியர் ஒருவரைச் சில நிமிடமே பார்க்கிறார். வீட்டுக்கு வந்து, படியேறச் சொல்லி, சட்டை மாட்டச் சொல்லிப் பார்த்த சிகிச்சையாளரின் எழுத்தில் விவரம் இருக்கும்.

சட்டம் கேட்பது நோயின் பெயரை மட்டுமல்ல. குறைபாடு கணிசமானதாக இருக்க வேண்டும். தொடர்ந்தோ விட்டுவிட்டோ ஒரு வருடமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். அதனால் தன்னைப் பராமரிப்பதிலோ சமூகத்தில் இயங்குவதிலோ வேலை செய்வதிலோ கணிசமான தடை இருக்க வேண்டும். "நீரிழிவு, நாரிப் பிடிப்பு, மனச்சோர்வு" என்று மூன்று சொல்லில் முடியும் அறிக்கை தோற்றுப்போவது இதனால்தான். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் கிரே வழக்கிலும் 2006இல் கிரேன் வழக்கிலும் இந்த வரையறையைத் தாராளமாக வாசிக்க வேண்டும் என்றது. கணிசமான குறைபாடு என்றால் மிகக் கடுமையான குறைபாடு என்று பொருளல்ல. எல்லாக் குறைகளையும் சேர்த்து முழு மனிதராகவே ஒருவரைப் பார்க்க வேண்டும். ஆகவே சிறியவை என்று விடப்படும் தூக்கமின்மை, மருந்தின் மயக்கம், காது மந்தம் எல்லாமே படிவத்தில் ஏற வேண்டும்.

இங்கேதான் குடும்பத்தின் அன்பே தடையாக நிற்கிறது. பக்கவாதம் வந்த தகப்பனுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது தாய். சோற்றைப் பிசைந்து, மீனில் முள்ளெடுத்து வைப்பதும் தாய். மருந்துப் பெட்டியை நிரப்புவது மகள். குளியலறையில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது மகன். வைத்தியர் "உடுப்பு மாற்றுகிறாரா, சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா" என்று கேட்டால் மூவரும் "ஓம், பரவாயில்லை, சமாளிக்கிறம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் படிவம் கேட்பது அந்த மனிதர் பிறர் கைபடாமல் என்ன செய்வார் என்பதை. வைத்தியரின் குறிப்பில் "நலமாக இருக்கிறார், குடும்பம் துணையாக உள்ளது" என்று ஏறிவிட்டால், பிற்பாடு மேன்முறையீட்டில் அதே வரி குடும்பத்துக்கு எதிராக வாசிக்கப்படும். ஒன்றாக இருந்து பார்த்துக்கொள்ளும் வீட்டில் இயலாமை வெளியே தெரிவதில்லை; தனியே வாழ்பவரின் இயலாமை பச்சையாகத் தெரிகிறது. முறைமையில் உள்ள அநியாயம் இது என்றாலும், அதற்கேற்ப நடந்துகொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பலன் தரும் வழக்கம், படிவத்தை வைத்தியரிடம் கொடுக்குமுன் இரண்டு கிழமைக்குக் குறிப்பு எழுதுவது. என்ன செயல், யார் உதவினார், எவ்வளவு நேரம் எடுத்தது, உதவாமல் விட்டால் என்ன ஆனது: இந்த நான்கும் போதும். "குளிப்பாட்ட வேண்டும்" என்பதைவிட "வலது காலைத் தொட்டிக்குள் தூக்கி வைக்க மகன் வேண்டும்; மகன் வேலைக்குப் போகும் நாட்களில் குளிப்பதில்லை" என்பது அலுவலருக்கு விளங்கும். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டும் குறிப்பில் இருக்க வேண்டும், கெட்ட நாட்கள் எத்தனை என்பதோடு. இதை ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமாக்கி, படிவத்துக்கென்றே கேட்டுப்பெற்ற சந்திப்பில் வைத்தியரிடம் கொடுக்கலாம். இருமலுக்குப் போன இடத்தில் படிவத்தையும் நீட்டினால் அரைகுறையாகவே நிரம்பும். விண்ணப்பதாரரின் சொந்த அறிக்கை கட்டாயமில்லை என்பதால் பலர் வெறுமையாக விடுகிறார்கள். வைத்தியர் கையெழுத்தில் இடம்பெறாத வாழ்க்கையைச் சொல்லக் கிடைக்கும் ஒரே இடம் அது, விடக்கூடாது.

மனநோயில் மறைப்பு இன்னும் ஆழமானது. தங்கையின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும், ஊருக்குள் கதை போய்விடும் என்ற பயத்தில் வருடக்கணக்காக மனநல வைத்தியரைத் தவிர்த்த வீடுகள் உண்டு. விண்ணப்பிக்கும்போது காட்ட மருத்துவப் பதிவே இருக்காது. படிவத்தில் எழுதப்படுவது இரகசியத் தகவல். அது கோயிலுக்கோ ஊர்ச்சங்கத்துக்கோ போகாது. போரில் தப்பி வந்தவர்களின் தூக்கமின்மையும் திடுக்கிடலும் கூட வைத்தியரிடம் சொல்லப்பட்டால்தான் பதிவாகும். மொழிபெயர்ப்புக்குப் பதின்ம வயது மகளை அழைத்துப் போவதையும் விட்டுவிட வேண்டும். சலம் அடங்காததையும் சாக நினைத்ததையும் எந்தத் தகப்பனும் மகள் வாயால் சொல்லவைக்க மாட்டார். தமிழ் பேசும் வைத்தியர் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

சிபிபி இயலாமை ஓய்வூதியம் வேலையோடு கட்டுண்டது. கடைசி ஆறு வருடங்களில் நான்கில் நிதிக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். மொத்தம் 25 வருடம் கட்டியவருக்கு மூன்று போதும். கையில் காசு வாங்கி வேலை செய்த வருடங்கள் இங்கேதான் வட்டியோடு கணக்குத் தீர்க்கின்றன. நிபந்தனையும் கடினம்: இயலாமை கடுமையானதாகவும் நீடித்ததாகவும் இருந்து, வருமானம் தரும் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யமுடியாத நிலை வேண்டும். ஆனால் 2001இல் வில்லானி வழக்கில் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தகுதியை நிஜ உலகில் வைத்து அளக்க வேண்டும் என்றது: வயது, படிப்பு, மொழியறிவு, செய்த வேலை. ஐம்பத்தைந்து வயதில், ஆங்கிலம் குறைவாக, முப்பது வருடம் சமையற்கட்டிலும் பண்டகசாலையிலும் நின்ற ஒருவரை "மேசை வேலை செய்யலாமே" என்று மறுக்கும்போது நினைவூட்ட வேண்டிய தீர்ப்பு இது. சிபிபி கிடைத்தால் அந்தத் தொகை ஓடிஎஸ்பியில் அப்படியே கழிக்கப்படும். ஆனாலும் சிபிபி இயலாமை ஓய்வூதியம் பெறுபவரிடம் ஓடிஎஸ்பிக்கு மறுபடி மருத்துவத் தீர்மானம் கேட்கப்படாமல் போகலாம். வேலையிடத்தில் காயப்பட்டவருக்கு முதல் வழி இவை எதுவுமல்ல, டபிள்யூஎஸ்ஐபி எனப்படும் மாகாண வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபை. அதற்கு ஆறு மாதக் கெடு.

வரிச்சலுகைக்கு டி2201 படிவம். மாதக் காசு இல்லையே என்று பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் மற்றப் பல கதவுகளுக்குத் திறப்பு இதுதான். 2025 யூலையில் மாதம் 200 டொலர் வரை என்று தொடங்கிய கனடா இயலாமைக் கொடுப்பனவு, 18 முதல் 64 வயது வரையுள்ள குறைந்த வருமானத்தாருக்குக் கிடைக்கிறது. அதற்கு இந்தச் சலுகை ஏற்கப்பட்டிருக்க வேண்டும், வரிக்கணக்கும் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2008 முதல் உள்ள, ஆர்டிஎஸ்பி எனப்படும் பதிவுசெய்யப்பட்ட இயலாமைச் சேமிப்புத் திட்டத்துக்கும் இதுவே நுழைவு. அதில் அரசு வாழ்நாளில் 70,000 டொலர் வரை மானியமும், குறைந்த வருமானத்தாருக்கு 20,000 டொலர் வரை பத்திரத் தொகையும் சேர்க்கிறது. அந்தச் சேமிப்பு ஓடிஎஸ்பி சொத்துக் கணக்கில் வராது. பழைய வருடங்களுக்குப் பத்து வருடம் வரை பின்னோக்கியும் வரிச்சலுகை கேட்கலாம். அந்த மொத்தத் தொகையில் பங்கு கேட்கும் தரகு நிறுவனங்கள் உண்டு. படிவத்தின் மருத்துவப் பகுதியை அவர்களால் நிரப்ப முடியாது, வைத்தியர் போன்ற மருத்துவத் துறையினர்தான் நிரப்புகிறார்கள். பிறகு பங்கு எதற்கு?

வீட்டை இயலாமையுள்ள பிள்ளைக்கு எழுதிவைக்க நினைக்கும் பெற்றோர் அதற்கு முன் ஹென்சன் அறக்கட்டளை பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். 1989இல் ஒன்ராறியோவின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைபெற்ற முறை இது. கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க அறங்காவலர் கையில் இருப்பதால், அந்தப் பணம் பிள்ளையின் சொத்தாக எண்ணப்படாது. நேரடியாகக் கையில் வரும் பெருந்தொகை ஓடிஎஸ்பியை நிறுத்திவிடக்கூடும்.

ஊரிலிருந்து ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர் தனி விடயம். ஸ்பொன்சர் செய்தவரின் பொறுப்பு 20 வருடம்; வாழ்க்கைத்துணைக்கு 3 வருடம். அந்தக் காலத்துக்குள் அவர்கள் ஓடிஎஸ்பி போன்ற சமூக உதவி எடுத்தால், அது ஸ்பொன்சரின் கடனாகும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் மாவி வழக்கில் உறுதிசெய்தது. வசூலிப்பதில் அரசு நியாயமாக நடக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வரிச்சலுகை சமூக உதவி அல்ல. அதைக் கேட்பதால் இந்தக் கடன் வராது.

மறுப்புக் கடிதம் வந்தால் குடும்பங்கள் மனம் சலித்து, மறுபடி புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று விட்டுவிடுகின்றன. அப்படி விட்டால் முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து கிடைக்கவேண்டிய பின்தொகை போய்விடும். ஓடிஎஸ்பி மறுத்தால் 30 நாளுக்குள் எழுத்தில் உள்ளக மீளாய்வு கேட்க வேண்டும். அதுவும் மறுத்தால் 30 நாளுக்குள் சமூகப் பயன்கள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சிபிபிக்கு இரண்டு படியிலும் 90 நாள். தீர்ப்பாயத்தில்தான் விண்ணப்பதாரர் முதன்முறையாக முடிவெடுப்பவரோடு நேரடியாகப் பேசுகிறார். அங்கே பார்க்கப்படுவது மறுப்பு வந்த காலத்து உடல்நிலை. புதிய அறிக்கை எடுத்தாலும் அது அந்தக் காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் டர்ஹம் பிராந்தியம் நடத்தும் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற பொதுச் சமூக உதவியைக் கேட்கலாம்; தனி ஒருவருக்கு அது 733 டொலர்தான், 2018இலிருந்து ஏறவில்லை.

வழக்கைத் தனியே சுமக்கத் தேவையில்லை. அஜக்ஸ்வாசிகளுக்கு ஒஷாவாவிலுள்ள டர்ஹம் சமூகச் சட்ட நிலையம், குறைந்த வருமானத்தாருக்கு இத்தகைய மேன்முறையீடுகளில் இலவசமாக உதவுகிறது. மறுப்புக் கடிதத்தை உறையோடு எடுத்துக்கொண்டு, அந்த 30 நாள் முடியுமுன் அங்கே போய்விடுங்கள்.