பழைய வலைப்பாடங்களும் எளிய பதிப்பானும்

ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. காலும் ரகரமும் வடிவால் ஒன்றாயிருக்கும். எகர ஏகாரங்கள் வேறுபடா. ஆகலின் பதிப்பாசிரியர் சொல்லை அறிந்தே எழுத்தைத் துணிந்தனர். கணினியேறிய தமிழுக்கும் கால் நூற்றாண்டுக்குள் இத்தகைய நிலை வந்துற்றது என்பதை அன்பர்கள் பலர் அறியார்.

1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் முன்னாளில் திஸ்கி என்னும் குறியீட்டில் வெளிவந்தன. வேறு பல பக்கங்கள் டாம், டாப் முறைகளைக் கைக்கொண்டன. இந்நாளில் எங்கும் வழங்குவது யூனிக்கோடு. இவற்றின் வேற்றுமை எண்ணில் மட்டுமன்று, வரிசையிலும் உளது. திஸ்கி, ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தோன்றியவாறே கொம்பு, ககரம், கால் என நிறுத்தும். யூனிக்கோடோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும். இதனைக் கருதாது குறிக்குக் குறி மாற்றினால், ‘படகொன்று’ என்பது ‘படெகான்று’ என்றாகிவிடும்!

இதனைத் திருத்தப் பெரிய மென்பொருள் வேண்டுவதில்லை. பக்கத்தைப் படம்போற் காட்டித் திருத்தும் பெருங்கருவிகள், கேளாமலே பழைய நிரலையும் மாற்றியெழுதிவிடுதல் உண்டு. டான் ஹோ என்பார் 2003-இல் வெளியிட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எளிய பதிப்பானோ, உள்ளதை உள்ளபடி காட்டும். கொம்பும் மெய்யும் காலும் அடுத்து வருமிடமெல்லாம் வரிசை மாற்றுக என ஒரே விதியால் ஆணையிடலாம். காட்டுப்பாக்கத்தில் எம்மில்லத்துள்ள பழங்கணினியிலும் அது நொடியில் திறக்கின்றது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: திஸ்கிக் கோப்பை யூனிக்கோடெனக் கொண்டு திறந்து சேமித்தால், சில பதிப்பான்களில் எழுத்துகள் மீளாவண்ணம் அழியும். படியெடுத்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

வினாவிடைப் பாடங்களில் சிக்கல் இன்னும் நுண்ணியது. விடை, பக்கத்திலன்றி ஜாவாஸ்கிரிப்டு நிரலுள் மறைந்திருக்கும். வெளித்தெரியும் எழுத்தை மட்டும் மாற்றி நிரலை விட்டுவிட்டால், மாணவன் யூனிக்கோட்டிற் சரியாகத் தட்டிய விடையும் பிழையெனப்படும். பாவம், அவன் தன் தமிழையே ஐயுறுவான்.

பிளாஷ் கொண்டு ஆக்கிய பாடங்களின் செய்தி வேறு. அவை எழுத்துக் கோப்பல்ல. பதிப்பானில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் பிளாஷ் இயக்கிக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அவ்வியக்கி பாடங்களை ஓட்ட மறுத்தது. ரபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றுட் பலவற்றை இன்றும் இயக்குகின்றது. இயக்கலாமேயன்றி, அதனாற் பாடத்தின் பிழையைத் திருத்தலாகாது. திருத்துவதற்கு ஆக்கியோர் வைத்திருந்த மூலக்கோப்பு கிடைப்பின் எளிது.