ஏட்டில் இருந்த வாக்குரிமை கைக்கு வந்த வரலாறு

அரசியல் சட்டத்தில் ஓர் உரிமை எழுதப்பட்டுவிட்டால், அது மக்களின் கைக்கு வந்துவிட்டதாகக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். பருத்தி விளைவிப்போரும் நெய்வோருமாகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. அம்மக்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களே.

மூன்று திருத்தங்கள்

அந்நாட்டின் உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. அதனையடுத்து ஐந்து ஆண்டுகளுக்குள் அரசியல் சட்டம் மூன்று முறை திருத்தப்பட்டது. 1865இல் வந்த 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம் அடிமைகளாயிருந்தோரைக் குடிமக்களாக்கி, சட்டத்தின் பாதுகாப்பு யாவர்க்கும் சமம் என்றது. 1870இல் வந்த 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்னர் அடிமையாயிருந்தமை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று விதித்தது. பெண்களுக்கு அப்பொழுது வாக்கில்லை. ஆயினும் அதே ஆண்டில் ஹைரம் ரெவல்ஸ் என்பவர் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்திலிருந்து செனட் சபைக்குச் சென்று, அச்சபையின் முதற் கறுப்பின அங்கத்தினரானார்.

உரிமை பறிபோன வழி

1877இல் மத்திய அரசின் படைகள் தென் மாநிலங்களில் காவலைக் கைவிட்டன. பின்னர் அம்மாநிலங்கள், நிறம் என்ற சொல்லையே எழுதாமல் கறுப்பின மக்களை விலக்கும் விதிகளைச் செய்தன. மிஸ்ஸிஸிப்பி 1890இல் இயற்றிய புதிய அரசியல் சட்டம், வாக்களிப்போர் ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி செலுத்த வேண்டும் என்றது. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வேண்டும் என்றும் விதித்தது. கூறிய பொருள் சரியா, தவறா என்று முடிவு செய்பவர் பதிவு அதிகாரியே. விதி யாவர்க்கும் பொது. தீர்ப்போ ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. லூயிசியானா மாநிலத்தில் 1896இல் 1,30,334 கறுப்பின வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1904இல் எஞ்சியோர் 1,342 பேரே.

1920இல் 19ஆம் திருத்தம் பெண்களுக்கு வாக்களித்தது. ஆனால் தென் மாநிலக் கறுப்பினப் பெண்களின் முன்னும் அதே தடைகள் நின்றன.

ஒரு குடியானவப் பெண்

மிஸ்ஸிஸிப்பியில், சன்பிளவர் மாவட்டத்துப் பருத்திப் பண்ணை ஒன்றில் வாரத்துக்கு உழைத்தவர் ஃபானி லூ ஹேமர் அம்மையார். 1962 ஆகஸ்டு 31ஆம் நாள், தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள அவர் இண்டியனோலா நகருக்குச் சென்றார். பரீட்சையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மறுத்ததற்காக, அன்றே பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையைவிட்டு நிலத்துக்குடையவரால் வெளியேற்றப்பட்டார். 1963இல் அவர் பெயர் பதிவாயிற்று. அப்பொழுதும் தலைவரி ரசீது இல்லையென்று வாக்குச் சாவடியில் தடுக்கப்பட்டார்.

சட்டம் செயலுக்கு வந்தது

1964இல் வந்த 24ஆம் திருத்தம், மத்திய தேர்தல்களில் தலைவரியை நீக்கியது. 1966இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் அதனைச் செல்லாததாக்கியது. 1965 மார்ச் 7ஆம் நாள் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் வாக்குரிமை கோரி ஊர்வலம் சென்றோர் காவலரால் அடிக்கப்பட்டனர், நாடே கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இச்சட்டத்தின் சிறப்பு அதன் ஏற்பாடுகளில் உள்ளது. தடை மிகுந்த இடங்களில் பரீட்சை நிறுத்தப்பட்டது. வாக்காளரைப் பதிவு செய்ய மத்திய அதிகாரிகளை அனுப்ப வழி செய்யப்பட்டது. அவ்விடங்களில் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதியோ, வாஷிங்டன் நீதிமன்றத்தின் அனுமதியோ பெறவேண்டும் என்றாயிற்று. மிஸ்ஸிஸிப்பியில் வாக்குரிமை வயதடைந்த கறுப்பின மக்களுள் பதிவு பெற்றோர் நூற்றுக்கு 6.7 என்றிருந்த நிலை, 1967இல் 59.8 ஆக உயர்ந்தது. தொண்ணூற்றைந்து ஆண்டுகளாக ஏட்டில் இருந்த 15ஆம் திருத்தம் இரண்டே ஆண்டுகளில் உயிர் பெற்றது.

ஆயினும் இதனோடு கதை முடியவில்லை. எவ்விடங்கள் முன் அனுமதி பெறவேண்டும் என்று வகுத்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் செல்லாததாக்கியது. அதனால் அந்த ஏற்பாடு செயலற்றுப் போயிற்று.

நாம் அறிய வேண்டுவது

பிறர் நிலத்தில் வாழ்வோர்க்கு வாக்களிக்கும் துணிவும் பிறர் தயவில் நிற்கிறது என்பதை ஹேமர் அம்மையார் தம் வாழ்விலேயே கண்டார். 1969இல் அவர் 40 ஏக்கர் நிலத்துடன் 'விடுதலைப் பண்ணை' என்னும் கூட்டுறவை நிறுவினார். காய்கறிப் பயிருடன், ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிகளை வளர்க்கக் கொடுத்துப் பெருக்கும் 'பன்றி வங்கி'யும் அங்கே நடந்தது. உரிமையையும் உணவையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் சங்கங்களில், பங்குத் தொகை எவ்வளவாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே. ஆனால் அது துணைவிதியில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் அங்கத்தினர்கள் தமக்குள் வினவிக்கொள்ள வேண்டியவை மூன்று. அங்கத்தினர் பதிவேட்டில் நம் பெயர் சரியாக உள்ளதா? கூட்ட அறிவிப்பு, தறி மேடையில் அமர்ந்திருக்கும் பெண் அங்கத்தினர் வரை உரிய காலத்தில் சென்று சேர்கிறதா? கடன்பட்ட அங்கத்தினர் கடன் கொடுத்தவரின் முகம் பாராமல் கையுயர்த்த முடிகிறதா? இவற்றுள் எதற்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், அதனைச் சீர்செய்வதே நிர்வாகக் குழுவின் முதற் கடமையாகும்.