மேசையிலா? மடியிலா? கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்களுக்கு



கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று நான் எழுதப் போறது இல்லை. அது பாடப் புத்தகத்திலேயே இருக்கு. வாங்கும்போது டெஸ்க்டாப் வாங்கணுமா, லேப்டாப் வாங்கணுமா என்பதுதான் என் தலைப்பு. நம்ம வகுப்பிலேயே மூணு பேர் வீட்டில் இந்தப் பேச்சு ஓடுது. எங்க வீட்டில் ஒரு மாசம் ஓடிச்சு. அம்மா மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்தாங்க. அண்ணன் பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போறான். நானும் தம்பியும் வீட்டில். காசு ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். பீடி சுற்றி அடைக்க வேண்டிய கடன் என்பதால், தப்பா வாங்கிட்டா இன்னொரு தடவை வாங்க முடியாது. அதனால் விசாரித்து, கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டில் இருந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் வித்தியாசம். டெஸ்க்டாப்பில் எல்லாம் தனித்தனி. திரை (மானிட்டர்) ஒண்ணு, சிபியு பெட்டி ஒண்ணு, கீபோர்டு, மவுஸ் தனி. கரண்ட் போனா உடனே அணையாமல் இருக்க யூபிஎஸ் தனியா வாங்கணும். லேப்டாப்பில் இது எல்லாம் ஒரே மடிப்புக்குள்ளே, பேட்டரியும் சேர்த்து. தமிழில் மடிக்கணினி. எங்க ஆச்சி இதைக் கேட்டுட்டு, "மடியில வச்சா சுடாதாட்டி?" என்று கேட்டாங்க. நாங்க சிரிச்சோம். ஆனால் ஆச்சி கேட்டது சரியான கேள்வி. பெரும்பாலான லேப்டாப்புக்குச் சூட்டை வெளியே தள்ளும் ஓட்டை அடியிலும் பக்கத்திலும் இருக்கு. மடியிலோ, தலையணையிலோ, மெத்தையிலோ வச்சா அது அடைபட்டுப் போகும். உள்ளே சூடு ஏறும், வேகம் குறையும். மடிக்கணினியையும் மேசையில் வைப்பதுதான் நல்லது!

கொஞ்சம் வரலாறும் சொல்றேன். ஐபிஎம் கம்பெனியின் பெர்சனல் கம்ப்யூட்டர் 1981 ஆகஸ்டில் வந்தது. அதே வருஷம் ஆஸ்போர்ன் 1 என்று, கையில் தூக்கிக்கொண்டு போகும் கம்ப்யூட்டரும் வந்தது. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம்தான். அதிலே பேட்டரி கிடையாது. எங்கே தூக்கிப் போனாலும் பிளக்கில் சொருகினால்தான் ஓடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நம்ம தமிழ்நாட்டில் லேப்டாப் சாதாரண வீடுகளுக்குள் வந்தது 2011-க்குப் பிறகுதான். அந்த வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படிச்சவங்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தாங்க. அரசுக்காக வாங்கிக் கொடுத்தது எல்காட் நிறுவனம். முதலில் வந்ததில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் இருக்கும், சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருக்கும். மொத்தத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேலே வாங்கினாங்க.

டெஸ்க்டாப் விலை குறைவுதானே, அதை ஏன் கொடுக்கலை என்று யோசிச்சேன். 2012-ஐக் கேட்டுப் பாருங்க. சென்னை தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேகூட கரண்ட் போச்சு. நான் அப்போ கைக்குழந்தை, அம்மா விசிறியால் வீசினதைச் சொல்லுவாங்க. அந்த நேரத்தில் டெஸ்க்டாப் கொடுத்திருந்தால் அதன் மேலே துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கணும். இன்னொண்ணும் எனக்குத் தோணுது. லேப்டாப் மாணவர் கையில் கொடுக்கப்பட்டது. பெண் பிள்ளையிடம் கொடுத்தால் அது அவளுடையது. பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிச்சாங்களே, அதிலும் விருப்பம் கேட்டது கைக்கணினியா மடிக்கணினியா என்றுதான். டெஸ்க்டாப் பட்டியலிலேயே இல்லை.

அப்போ லேப்டாப்தான் நல்லது என்று முடிச்சிடலாமா? அண்ணன் அப்படித்தான் சொன்னான். மத்தளம்பாறையில் ஸோகோ கம்பெனி 2011-ல் வந்ததில் இருந்து, தென்காசிப் பக்கம் முதுகில் லேப்டாப் பையோடு போறவங்களை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அவனுக்கு அந்தப் பை மேலே ஒரு ஆசை. என் நோட்டில் இருந்த கணக்கு வேற.

கரண்ட் கணக்கில் லேப்டாப்தான் ஜெயிக்கும். வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 150 வாட் என்று வச்சுக்கோங்க. தினம் 4 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். இரண்டு மாசத்துக்கு 36 யூனிட். லேப்டாப் சுமார் 50 வாட், அதே நேரத்துக்கு 12 யூனிட்தான். இலவச யூனிட் அளவை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு இந்த 24 யூனிட் வித்தியாசம் தெரியும்.

ரிப்பேர் கணக்கில் டெஸ்க்டாப் ஜெயிக்கும். கீபோர்டில் தண்ணி கொட்டினால் அந்தக் கீபோர்டை மட்டும் மாத்தினால் போதும், சில நூறு ரூபாயில் முடியும். லேப்டாப்பில் கொட்டினால் கீபோர்டுக்குக் கீழேயே மதர்போர்டு. உடனே ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்து வச்சுட்டு மெக்கானிக்கிடம் ஓடணும். மூடி திறக்கிற கீல் உடைஞ்சாலும் செலவுதான். டெஸ்க்டாப்பில் மானிட்டர் போனாலும் சிபியு பிழைக்கும். ராம் கூட்டணும் என்றால் பெட்டியைத் திறந்து சொருகிடலாம். லேப்டாப் சிலதில் ராமைப் போர்டோடு சேர்த்து ஒட்டியே விட்டுடுறாங்க. வாங்கும்போது கேட்டுக்கோங்க.

அடுத்தது நம்ம ஊர் விஷயம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் மேலகரத்திலும் சாரல்தான். துவைச்ச துணியே காயாது. ஜன்னல் ஓரம் கம்ப்யூட்டர் வைக்காதீங்க. காத்துக்கு மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம் வேணும். சின்ன யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும், அது சேமித்துவிட்டு அணைக்கிறதுக்குத்தான். யூபிஎஸ் பேட்டரியும் இரண்டு மூணு வருஷத்தில் மாத்தணும், இந்தச் செலவைக் கடைக்காரங்க முதலில் சொல்ல மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் எதுவாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிடுங்க, நெட் வயரையும் சேர்த்து. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கிட்டே இருக்கும், டெஸ்க்டாப் தூங்கத்தான் செய்யும். சிபியு பெட்டியைத் தரையில் வைக்காதீங்க. எங்க அத்தை வீட்டுப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி இருந்தது.

இதெல்லாம் எழுதி முடிச்ச பிறகுதான் முக்கியமான கேள்வியே எனக்குத் தெரிஞ்சது. யார் பயன்படுத்தப் போறாங்க? லேப்டாப் வாங்கினால் அது அண்ணனோடு ஹாஸ்டலுக்குப் போயிடும். எனக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் கண்ணில் படும். கடன் அடைக்கிறது வீட்டில், கம்ப்யூட்டர் இருக்கிறது பாளையங்கோட்டையில். டெஸ்க்டாப் என்றால் வீட்டிலேயே இருக்கும், தூக்கிக்கொண்டு போக முடியாது. அண்ணன் மேலே எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் புரோகிராம் போட்டுப் பார்க்கணும், ராத்திரி காலேஜ் லேப் திறந்து இருக்காது.

டெஸ்க்டாப் வந்தாலே எனக்குக் கிடைச்சிடும் என்றும் சொல்ல முடியாது. அத்தை வீட்டில் டெஸ்க்டாப்தான் இருக்கு. அத்தை மகன் கேம் விளையாடி முடிச்சு எழுந்திருக்க ஒன்பது மணி ஆகும். அதுக்குப் பிறகுதான் அவன் தங்கச்சிக்கு. அதுக்குள்ளே அவளுக்குத் தூக்கம் வந்துடும்.

எங்க வீட்டில் வழி கிடைச்சது பீரோவுக்கு மேலே. அக்கா பிளஸ் டூ முடிச்சு 2019-ல் வாங்கின அரசு லேப்டாப் அங்கேதான் கிடந்தது. அக்கா கல்யாணமாகி கடையநல்லூர் போகும்போது, "ஓடலை, இங்கேயே கிடக்கட்டும்" என்று விட்டுட்டுப் போனா. எடுத்துப் பார்த்தால் ஓடத்தான் செய்யுது, பிளக்கில் சொருகினால் மட்டும். பேட்டரி செத்துப் போச்சு. அதாவது ஆஸ்போர்ன் மாதிரி ஆயிட்டுது! பேட்டரி போன லேப்டாப் என்பது யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப். லித்தியம் பேட்டரியை வருஷக்கணக்கில் சார்ஜ் போடாமல் மூலையில் போட்டால் இப்படித்தான் ஆகும். சில பேட்டரி உப்பியும் போகும். உப்பினதைச் சார்ஜ் போடவே கூடாது. நம்ம பள்ளியில் எத்தனை பேர் வீட்டில் அக்கா, அண்ணன் லேப்டாப் பரணில் கிடக்கோ தெரியலை. எடுத்துப் பாருங்க.

தென்காசியில் கொடுத்து, புது பேட்டரி போட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு கிடையாது, அதனால் வேகம். முன்னே ஆன் ஆக மூணு நிமிஷம் எடுத்தது இப்போ அரை நிமிஷம்கூட இல்லை. ராம் 4 ஜிபிதான், படம் வரைகிற பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் ஓடாது. டைப் பண்ணவும் சி புரோகிராம் எழுதவும் போதும். அண்ணன் முகம் முதல் இரண்டு நாள் சரியில்லை. பிறகு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பையில் வச்சுக்கிட்டான். கடன் காசில் மிச்சம் இருந்ததற்கு, பாகங்களைச் சேர்த்துக் கட்டின டெஸ்க்டாப்பும் யூபிஎஸும் வாங்கினோம்.

ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரில் வச்சிருக்கோம். காலண்டர் ஆணியில் ஒரு அட்டை தொங்குது. ஆறிலிருந்து ஏழரை வரை நான், ஏழரையிலிருந்து எட்டரை வரை தம்பி. அட்டையில் கையெழுத்துப் போட்டது அம்மா. அம்மாவும் ஒரு நேரம் கேட்டாங்க, குழுக் கணக்கை எக்செல்லில் போட. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு.

எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி