டைமிங் மூடியைத் திறப்பதற்கு முன்

குறிஞ்சிப்பிட்டியில் பழைய கார்கள் திருத்தத் தொடங்கியிருக்கும் இளைஞனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

அன்பின் மகனுக்கு,



கராஜுக்கு ஒரு மொரிஸ் மைனர் வந்திருக்கிறது, முன்பக்கம் சலசலவென்று சத்தம், டைமிங் செயின் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். இந்தக் கரையில் பழைய எஞ்சின் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பகிரங்கமாக எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: பழைய காரில் இருக்கும் குறிகளை வைத்து வேலையைத் தொடங்கு, ஆனால் நீயே அளந்து பார்த்ததை வைத்துத்தான் முடிவுக்கு வா.

ஏன் என்று கேட்பாய். மொரிஸ் மைனர் 1948இல் வந்த கார். முதலில் 918 சி.சி. சைட் வால்வ் எஞ்சின். 1952இல் ஒஸ்டினின் 803 சி.சி. ஏ சீரிஸ் எஞ்சின் ஏறியது. 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098 ஆனது. 1971இல் உற்பத்தியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நம் நாட்டில் அது ஓடுகிறது என்றால், அந்நியச் செலாவணி இல்லாத காலங்களில் புதுக் கார் வராமல் போனதும், உள்ளதை வைத்து ஓட்டத் தெரிந்த பாஸ்மார் இருந்ததும்தான் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோதும் பல பழைய கார்கள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. இப்படி ஐம்பது அறுபது வருடம் கைமாறிய எஞ்சினில் பிளாக் ஒரு காருடையது, கேம் இன்னொன்றுடையது, முன்மூடி மூன்றாவது ஒன்றுடையது என்று இருக்கலாம். மூடியில் உள்ள அம்புக்குறியும் கிராங்க் புல்லியில் உள்ள வெட்டும் ஒரே எஞ்சினுக்காகப் பிறந்தவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, சத்தத்துக்கு வருவோம். முன்பக்கச் சத்தமெல்லாம் செயின் சத்தம் அல்ல. முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி எஞ்சினைச் சில நொடி மட்டும் ஓட விடு. சத்தம் போய்விட்டால் குற்றவாளி வாட்டர் பம்ப் பேரிங், இல்லையென்றால் டைனமோ பேரிங். போகவில்லை என்றால் புல்லி ஆடுகிறதா என்று பார். அதற்குப் பிறகுதான் செயினைச் சந்தேகி.

செயினைச் சோதிக்கவும் மூடியைத் திறக்கத் தேவையில்லை. நான்கு பிளக்கையும் கழற்று. டிஸ்ரிபியூட்டர் மூடியை எடு. மைனருக்கு ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருக்கிறதே, அதை மெதுவாக ஓடும் திசையில் சுற்று, ரோட்டர் நகரட்டும். ஹேண்டில் எதிர்த்திசையில் பிடிக்காது, அதனால் இப்போது புல்லியைக் கையால் பிடித்து எதிர்த்திசையில் மெல்லத் திருப்பு. ரோட்டர் அசையத் தொடங்கும் வரை கிராங்க் எவ்வளவு தூரம் வெறுமையாகத் திரும்புகிறது என்று புல்லியில் குறித்துக்கொள். செயின் நன்றாக இருந்தால் இந்த வெறும் ஓட்டம் சொற்பம். அதிகமாக இருந்தால் செயின் நீண்டிருக்கிறது. ஆனால் டிஸ்ரிபியூட்டரை ஓட்டும் சாய்பல்லின் தேய்மானமும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதே.

அடுத்தது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். அம்புக்குறியை நம்பாமல் அதை நீயே கண்டுபிடி. முனை மழுங்கிய ஒரு தடுப்பை முதல் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் இறுக்கு. கையால் மெதுவாகச் சுற்று, பிஸ்டன் தடுப்பில் முட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடு. எதிர்ப்பக்கமாகச் சுற்று, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான உச்சி. அது வெட்டோடு பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் இந்தக் காரின் இக்னிஷன் இவ்வளவு காலமும் தப்பான இடத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி ரொக்கர் மூடியைக் கழற்று. 948இலும் 1098இலும் கையேடு தரும் வால்வ் நேரம் இது: இன்லெட் உச்சிக்கு 5 பாகை முன் திறக்கும், அடிப்புள்ளிக்கு 45 பாகை பின் மூடும். எக்ஸோஸ்ட் அடிப்புள்ளிக்கு 40 பாகை முன் திறக்கும், உச்சிக்கு 10 பாகை பின் மூடும். ஆகவே முதல் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்போது நான்காம் சிலிண்டரில் எக்ஸோஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறக்கத் தொடங்கியும் இருக்கவேண்டும். இந்தப் பாகைகளைச் சரியாக அளப்பதற்கென்று கையேட்டில் தனியாக ஒரு ரொக்கர் இடைவெளி கொடுத்திருக்கும். அதை வைத்து அளந்து முடித்ததும், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலத்துக்கு மறக்காமல் திருப்பிவிடு.

கிராங்க் பல்சக்கரத்தில் 18 பல், கேம் சக்கரத்தில் 36. கேம் சக்கரத்தில் ஒரு பல் பிசகினால் கேம் 10 பாகை, கிராங்க் கணக்கில் 20 பாகை பிசகும். உச்சிக்கு 5 பாகை முன் திறக்கவேண்டிய இன்லெட் 15 பாகை பின் திறக்கும், அல்லது 25 பாகை முன்பே திறந்துவிடும். ஆகவே நீ அளந்த வித்தியாசம் 20 பாகை அளவில் இருந்தால் யாரோ ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சில பாகை மட்டும் பிந்தியிருந்தால் செயின் நீண்டிருக்கிறது. நீண்ட செயின் கேமை எப்போதும் பிந்தவே வைக்கும். மணல் ஒழுங்கையில் இரண்டாம் கியரில் இழுவை இல்லை, பாலாவி றோட்டில் வேகம் எடுத்த பிறகு பரவாயில்லை என்று கார்க்காரர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிஸ்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான். கேம் பிந்தினால் தீப்பொறியும் பிந்தும். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் தீப்பொறி சரியாகும், காரும் தேறியது போலத் தெரியும். வால்வ் மட்டும் பிந்தியபடியே இருக்கும். உடம்பில் கட்டி இருக்கக் காய்ச்சலுக்கு மட்டும் குளிசை கொடுப்பது போன்ற வேலை இது. டிஸ்ரிபியூட்டர் வழக்கமான நிலையைவிட்டு நிறையத் திரும்பி நிற்கும் மைனரைக் கண்டால் வால்வ் நேரத்தை அளக்காமல் விடாதே.

அளவு உறுதியான பிறகு திற. ரேடியேட்டரை இறக்கு, கிராங்க் நட்டின் பூட்டுத் தகட்டை நிமிர்த்து, புல்லியை இழுத்து எடு. முன்மூடி மெல்லிய தகடு, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளைந்து பிறகு எண்ணெய் கசியும். உள்ளே இரண்டு சக்கரங்களின் புள்ளிகளும் நேருக்கு நேர் பார்க்கும்படி கிராங்கை நிறுத்தி, அதற்குப் பிறகு செயினைக் கழற்று. செயின் மாற்றினால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து மாற்று. கொக்கிபோல் வளைந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

புதிதைப் போட்டதும் நேர்ச்சட்டம் ஒன்றை இரு சக்கரத்தின் முகத்திலும் வைத்துப் பார். கிராங்க் சக்கரம் உள்ளே இருந்தால் அதன் பின்னால் மெல்லிய வாஷர்கள் வைத்து நேராக்கு. பழைய வாஷரை அப்படியே போடுவது போதாது, சக்கரம் மாறினால் வாஷர் கணக்கும் மாறும். கேமின் முன்பின் ஆட்டம் 0.003 முதல் 0.007 அங்குலம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் முன்னால் உள்ள தகட்டை மாற்று. எண்ணெய் எறியும் தட்டின் குழிந்த பக்கம் எஞ்சினுக்கு வெளிப்புறம் பார்க்கவேண்டும். மூடியைப் பொருத்தும்போது திருகுகளை இலேசாக மட்டும் பிடித்துவிட்டு, புல்லியைச் செலுத்திச் சீல் நடுவுக்கு வந்த பிறகு இறுக்கு.

செயின் மாற்றியும் காபரேட்டர் வழியாகத் தும்முகிறது என்றால் கேமைப் பார். எக்ஸோஸ்ட் கேம் மேடு தேய்ந்தால் எரிந்த வாயு வெளியேற முடியாமல் இன்லெட் திறந்ததும் அந்த வழியால் திரும்பி வரும். டயல் கேஜை ஒவ்வொரு புஷ் ரொட்டின் தலையிலும் வைத்து எட்டின் உயர்வையும் எழுது. நான்கு இன்லெட்டும் தமக்குள் ஒத்துப்போகவேண்டும், நான்கு எக்ஸோஸ்ட்டும் அப்படியே. ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் அந்த மேட்டின் கடினத் தோல் போய்விட்டது, இனி அது வேகமாகக் கரையும். ரொக்கர் இடைவெளியைத் திரும்பத் திரும்ப அடைப்பதால் அதை நிறுத்த முடியாது.

948இலும் 1098இலும் பிளாக்கின் பக்கமூடிகளைத் திறந்தால் டெப்பட்டுகள் கைக்கு வரும். எடுத்தவுடன் எண் போட்டு வை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகக்கூடாது. அடிமுகம் நடுவில் குழிந்திருந்தால் அது சுழலாமல் ஒரே இடத்தில் நின்று உரசியிருக்கிறது. புதுக் கேமுக்குப் பழைய டெப்பட் போடவே போடாதே. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய கேம் பளபளப்பாகத் தெரியலாம், அதையும் இதே டயல் கேஜால் அளந்தே வாங்கு. லேத்தில் வெல்ட் நிரப்பித் தேய்த்துத் தருகிறோம் என்பவரிடம், தேய்த்த பிறகு மேற்பரப்பை எப்படிக் கடினப்படுத்துகிறீர்கள் என்று கேள். தெளிவான பதில் வராவிட்டால் சலாம் சொல்லிவிட்டு வா.

கேம் ஏன் தேய்கிறது என்பதையும் கார்க்காரருக்கு நீதான் விளக்கவேண்டும். 1990களில் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காரை நிறுத்தாமல் ஓட்டிய அந்தக் கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், நீர்த்த ஒயில் கேமுக்கும் டெப்பட்டுக்கும் இடையில் நிற்காது. அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சின் உன்னிடம் வந்தால் எட்டு மேட்டையும் கட்டாயம் அள.

இன்றைய ஆபத்து வேறு. துத்தநாகமும் பொஸ்பரசும் சேர்ந்த ஒரு கலவைதான் இந்தத் தட்டை டெப்பட்டுகளைக் காக்கும். 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து மெல்லிய ஒயில்களில் பொஸ்பரசின் அளவு 0.08 வீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது, புதிய கார்களின் கட்டலிட்டிக் கன்வேட்டரைக் காப்பதற்காக. புதுக் காருக்கு நல்லதென்று விற்கும் விலைகூடிய மெல்லிய ஒயில் மைனருக்கு நல்லதல்ல. பழைய எஞ்சினுக்கென்று சொல்லி விற்கும் 20டபிள்யூ-50 போதும். புதுக் கேம் போட்டால் மேடுகளில் மொலிப்டினம் பசை பூசு. ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் இழுக்காதே. எஞ்சின் பிடித்த உடனேயே நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டு, ஐட்லிங்கில் விடாதே.

ஊரும் தன் பங்குக்குக் கெடுக்கும். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல். உப்புக் காற்றில் திறந்து வைத்த கேம் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். கழற்றியதை ஒயில் பூசிச் சுற்றி வை. சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் எஞ்சினைத் திறந்தால் மணல் உள்ளே போகும், உள்ளுக்குள் இடம் பார். கலியாண வீட்டுக்கு மட்டும் எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தும் காரில் ஈரம் உள்ளேயே தங்கும். மாதத்துக்கு ஒரு தடவையாவது நன்றாகச் சூடேறும் வரை புத்தளம் பக்கம் போய்வரச் சொல்.

கடைசியாகக் காசு பற்றி. அளப்பதற்கு ஒரு பகல் போகும், அந்தப் பகலுக்கும் கூலி கேள், வெட்கப்படாதே. பெல்ட்டைக் கழற்றியதும் சத்தம் நின்றால், செயின் வேண்டாம், பம்ப் பேரிங் போதும் என்று நேரே சொல். செயினில் கிடைக்கும் இலாபம் போனாலும் அந்த வீட்டின் அடுத்த கார் உன்னிடம்தான் வரும். உச்சி எங்கே நின்றது, எட்டு மேட்டின் உயர்வு என்ன, எத்தனை வாஷர் வைத்தாய், எந்தத் தேதியில் மூடினாய் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒன்றைக் கார்க்காரரிடம் கொடு, மற்றதை உன் கொப்பியில் ஒட்டு. நம் தலைமுறை பாஸ்மாரின் வேலைக்கு எழுத்துச் சாட்சி இல்லை, அதனால் வந்த ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினோம். நீங்கள் அப்படித் தொடங்கத் தேவையில்லை.